ஒரு கன்னம் சிவந்த பிள்ளையார்

மதத் தீவிரவாதத்தையும் பிராந்திய அரசியல் நிலைத்தன்மையையும் பற்றி, ஒரு ராஜதந்திரியின் பார்வையில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எழுதித் தாருங்கள் என்று பயிற்சிப் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக இதை ஓய்வு பெற்ற தூதர்கள் எழுதுவார்கள். இந்த வருடம் யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து வயது. நான் ஓய்வு பெறவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பீங்கான் ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போகிறேன். ஆனால் நம் துறையில் வெளியே போகிற எல்லோருக்கும் ஒரே சால்வைதான், ஒரே கட்டுரைதான்.

இந்தத் தலைப்பில் நீங்கள் என்னென்ன எதிர்பார்ப்பீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். எல்லைக் கோடு போட்ட வரைபடம் ஒன்று. பெரிய தலைவரோடு ஒரே காரில் போன கதை ஒன்று. நான் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் என்று பெருமூச்சு விடும் வரி ஒன்று. மூன்றும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது விருத்தாசலத்தில் ஒரு சூளை வாசலில் ஒரே பகலில் நடந்து முடிந்த கதை. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த ஊரிலும் அந்தப் பகல் எனக்கு உதவாமல் போனதில்லை. ஆகவே அதையே சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. ஊரில் எஸ்டேட் என்றால் அதுதான். உள்ளே சின்னச் சின்ன யூனிட்கள். ஒருவர் பொம்மை செய்வார், ஒருவர் ஃபியூஸ் கட்டை செய்வார், ஒருவர் டீ கப். செய்வது தனித்தனியாக, சுடுவது ஒன்றாக. தனிச் சூளை வைத்துக்கொள்ள யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சூளை. இரும்பு வண்டியில் தட்டுத் தட்டாகச் சரக்கை அடுக்கி, சுரங்கம் மாதிரி நீண்டிருக்கும் அந்தச் சூளையின் ஒரு பக்கம் தள்ளினால், மறுபக்கம் வெந்து வெளியே வரும். ஒரே வண்டியில் நாலைந்து பேர் சரக்கு இருக்கும். பிள்ளையாரும் ஃபியூஸ் கட்டையும் ஊதுவத்தி ஸ்டாண்டும் ஒரே நெருப்பில் ஒன்றாக உட்கார்ந்து வரும்.

நான் அந்த ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்து, தங்கராசு அண்ணனின் பொம்மை யூனிட்டில் இரண்டு வருடம் கிளேஸ் கலக்கினேன். பீங்கானுக்குப் பளபளப்புத் தரும் பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். பிறகு தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போனேன். ஊரில் அதை இன்று வரை யாருக்கும் விளக்க முடியவில்லை. பாதிப் பேருக்கு நான் கலெக்டர். மீதிப் பேருக்கு பாஸ்போர்ட் ஆபீஸ்.

கதை நடந்தது பத்து வருடத்துக்கு முன்பு, தொண்ணூறுகளின் முன்பாதியில். வடக்கே நடந்த விஷயங்களுக்காக இங்கே டீக்கடைகளில் சட்டையைப் பிடித்துக்கொண்ட காலம். அண்டை நாடு ஒன்று தன் இளைஞர்கள் சிலரைப் பீங்கான் தொழில் கற்றுக்கொள்ள நம்மிடம் அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். அதற்கு முன் ஊர் எப்படி, பையன்கள் பத்திரமாக இருப்பார்களா என்று பார்த்து எழுதத் தன் தூதரக அதிகாரி ஒருவரை அனுப்பியது. அந்த விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஊர் தெரியும். ஆகவே அழைத்துப் போகும் வேலை எனக்கு வந்தது. எங்கள் மேலதிகாரி கிளம்பும்போது சொன்ன அறிவுரை ஒரே வரி: "அவர் என்ன பார்க்கிறாரோ அதைத்தான் எழுதுவார். ஆகவே நல்லதாகக் காட்டு."

நல்லதாகக் காட்ட நான் திட்டம் போட்டேன். வெந்த வண்டி வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக அவரைச் சூளை வாசலில் நிறுத்த வேண்டும். வெளிறிய மண்ணாகப் போனது வண்ண வண்ணமாகத் திரும்பி வருவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். பிறகு டீ. பிறகு கையெழுத்து.

வண்டி வந்தது. அதில் இருந்த பிள்ளையார்கள் அத்தனை பேருக்கும் ஒரு கன்னம் சிவந்திருந்தது.

இதை நீங்கள் மனக்கண்ணில் சரியாகப் பார்க்க வேண்டும். பால் வெள்ளைப் பிள்ளையார்கள், கையகல உயரம், வரிசையாக. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதற்காகச் செய்தவை. வெள்ளெருக்குப் பிள்ளையார் மாதிரி பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் மட்டும், காதிலிருந்து தும்பிக்கை வரை, யாரோ ஏதோ கேட்கக்கூடாத கேள்வி கேட்டுவிட்டது போல ரோஜா நிறம்.

அந்த இடது பக்கத்தில் என்ன இருந்தது என்றால், அமீன் பாயின் பச்சை ஊதுவத்தி ஸ்டாண்டுகள்.

அமீன் பாய் அந்த எஸ்டேட்டில் தங்கராசு அண்ணன் அளவுக்கே பழைய ஆள். எப்போதும் எதற்காவது சலித்துக்கொள்வார். அவருடைய பச்சை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். இரண்டு பேருக்கும் சூளை வண்டியில் எப்போதும் பக்கத்துப் பக்கத்து இடம்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, யூனிட்டும் பக்கத்துப் பக்கம்.

"இன்னாய்யா இது?" என்றார் தங்கராசு அண்ணன். குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சாதாரணமாக 'டீ ஆறிப்போச்சு' என்பதையே கத்தித்தான் சொல்வார்.

வண்டியில் சரக்கு அடுக்குகிற பரிமளா அக்கா ஒரு பிள்ளையாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பச்சைக்குப் பக்கத்துல வச்சது. அந்தப் பக்கம் மட்டும்தான் செவந்திருக்குது."

அமீன் பாய் நேர்மையான மனிதர். நேர்மையானவர்கள் எந்த நேரத்தில் வாய் திறப்பார்கள் என்று நம் தொழிலில் கவனமாக இருக்க வேண்டும். அவர் சொன்னார்: "என் பச்சையில குரோமு இருக்குதில்ல. சூட்டுல கொஞ்சம் ஆவியாப் பறந்திருக்கும். பக்கத்துல ஒட்டியிருக்கும்."

அது வேதியியல்படி நூற்றுக்கு நூறு சரி. சுற்றி நின்றவர்களில் ஒருவர் உடனே சொன்னார்: "கேட்டுக்கங்க. அவர் சரக்கோட ஆவிதான் நம்ம புள்ளையாரு மேல பட்டிருக்குது. அவரே ஒத்துக்கிட்டாரு."

உண்மையைச் சொன்னால் எல்லாம் அடங்கிவிடும் என்று பயிற்சியில் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தினர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், என்ன நடக்கிறது என்று. "வண்ணப் பூச்சு பற்றித் தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு" என்றேன். அவர் தலையசைத்தார். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டுவதையும் பார்த்தார்.

இந்தச் செய்தி வெளியே டீக்கடைக்குப் போன வேகத்தில் நம் தந்திகள் போனால் நம் துறை எங்கேயோ இருக்கும். டீக்கடையில் ஏற்கனவே ஒரு பேச்சாளர் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர். ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஊர் ஊராகப் போய், எந்த ஊரில் எந்தக் கோபம் இருக்கிறதோ அதில் பேசிவிட்டுப் போகிறவர். அன்று ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தார். சிவந்த பிள்ளையார் கதையைக் கேட்டதும் ஸ்ரீமுஷ்ணத்தை மறந்துவிட்டார். சாயங்காலம் எஸ்டேட் கேட்டிலேயே கூட்டம் என்று வேன் அறிவித்தது. பிள்ளையாருக்கு நேர்ந்த அவமானத்துக்கு நியாயமும், நம் சரக்குக்குத் தனிச் சூளையும் கேட்கப் போகிறார்களாம். அறிவிப்பின் முதல் வரி, "நெசவாளப் பெருமக்களே!" என்று இருந்தது. முந்தின ஊரின் பேச்சு அவர் வாயில் இன்னும் மீதம் இருந்தது.

மதியத்துக்குள் யூனிட்காரர்கள் கூடிப் பேசி, ஒரு யோசனைக்கு வந்திருந்தார்கள். இனி பொதுச் சூளையில் அமீன் பாயின் சரக்கை ஏற்றுவதில்லை. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து முடிவு சொல்வார்கள். சொல்வதற்குச் சின்ன விஷயம். ஆனால் சூளையில் இடம் இல்லாதவர் அந்த எஸ்டேட்டில் என்ன செய்ய முடியும்? சுடாத பச்சை மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியும். அவ்வளவுதான்.

அமீன் பாயைப் போய்ப் பார்த்தேன். அவருடைய மச்சான் வெளியூரிலிருந்து அன்று வந்திருந்தார். அவரும் ஒரு யோசனை வைத்திருந்தார். "இவங்களோட எதுக்கு மாமா? நம்ம ஆளுங்களா நாலு பேரு சேர்ந்து தனியா ஒரு சூளை போட்டுக்கலாம். நம்மது நமக்கு, அவங்கது அவங்களுக்கு."

நான் அப்போதுதான் கவனித்தேன். வேன்காரரும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒன்றேதான்: இரண்டு சூளை. பிற்பாடு நான் வேலை பார்த்த நாடுகளிலும் இதையே பார்த்தேன். எதிரெதிர் முனையில் நிற்கும் தீவிரவாதிகள் நாம் நினைப்பதைவிட ஒற்றுமையானவர்கள். அவர்கள் திட்டத்துக்கு இடைஞ்சலாக இருப்பது நடுவில் ஒரே சூளையில் சேர்ந்து சரக்கு சுடும் ஜனங்கள் மட்டுமே.

"நீ இன்னாம்மா சொல்ற? நீதான் கலெக்டராச்சே" என்றார் அமீன் பாய்.

"கலெக்டர் இல்ல பாய்."

"அப்ப பாஸ்போர்ட்டாவது குடு. எங்கனா போயிடறேன். இருவது வருசமா பச்சை சுடறேன், பக்கத்துல வச்சது ஒண்ணும் செவக்கல. இன்னிக்கு இவருக்கு மட்டும் செவக்குதாம். என் குரோமுக்கு இப்பத்தான் மதம் தெரிஞ்சுதா?"

சலிப்பில் சொன்னது. ஆனால் அந்த வாக்கியம் என்னை எழுந்து சூளை வாசலுக்கே திரும்ப ஓட வைத்தது. பாய் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இத்தனை வருடமாக ஏன் சிவக்கவில்லை?

வண்டி இன்னும் அப்படியே நின்றது. அமீன் பாயின் பச்சைக்கு ஒரு பக்கம் பிள்ளையார். மறுபக்கம் இன்னொருவருடைய வெள்ளை டீ கப்புகள். அதே தூரம். அதே நெருப்பு. கப்புகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

பீங்கான் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வரி. எஸ்டேட்டில் எல்லோரும் வெள்ளைக்கு ஜிர்கான் என்ற தாதுப் பொடி போடுவார்கள். அதன் மேல் குரோம் ஆவி பட்டால் ஒன்றும் தெரியாது. வெள்ளையில் டின் ஆக்சைடு இருந்தால்தான், குரோமைக் கண்டதும் ரோஜா நிறமாகும். டின் ஆக்சைடு விலை கூடுதல். ஆனால் அதன் வெள்ளை பால் மாதிரி இருக்கும். நான் இருந்தவரை தங்கராசு அண்ணன் ஜிர்கான்தான் போட்டார். நான் போன பிறகு, யாருக்கும் சொல்லாமல் மாற்றியிருக்கிறார். இதுவரை பச்சையை ஒட்டி அவருடைய வண்ணப் பொம்மைகள்தான் வந்திருக்கும்; பால் வெள்ளை ஒட்டி உட்கார்ந்தது இந்த லோடில்தான். அவருடைய வெள்ளை மட்டும் எப்படி இவ்வளவு பாலாக இருக்கிறது என்று மற்ற யூனிட்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரகசியம்தான் அவருடைய வியாபாரம்.

நான் கப்பையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரில் தங்கராசு அண்ணன் நின்றிருந்தார். நான் எதைப் பார்க்கிறேன் என்பதைப் பார்த்துவிட்டார். பார்வையைத் திருப்பிக்கொண்டு, காரணமில்லாமல் சூளையின் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

அவருக்குக் காலையிலிருந்தே தெரியும்.

அந்த மனிதருக்கு அமீன் பாய் மேல் ஒரு கோபமும் இல்லை. பிள்ளையார் மேல் பக்தி உண்டு, அதுவும் மற்றவர்களுக்கு இருக்கும் அளவுதான். அவருக்கு இருந்தது இக்கட்டு. ஏன் சிவந்தது என்று சொன்னால் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்காரருக்கு என்ன பதில்? அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து, 'இதற்கெல்லாம் காரணம் அவர்' என்று கை நீட்டுகிறார். அதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு வசதி! அவர் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

இளையவர்களே, இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். தீவிரவாதத்தைப் பற்றி நாம் எழுதும் அறிக்கைகளில் கொள்கை, நிதி, தலைவர், அண்டை நாட்டின் கை என்று பட்டியல் போடுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு ஊருக்குள் அது நுழையும் வழி பெரும்பாலும் இதுதான்: யாரோ ஒரு நல்ல மனிதருக்கு ஒரு சின்ன வெட்கம் இருக்கிறது, அதை மறைக்க ஒரு பெரிய காரணம் தேவைப்படுகிறது. கத்துகிறவரைப் பார்க்காதீர்கள். முன்வரிசையில் சும்மா நிற்பவரைப் பாருங்கள்.

எனக்கு முன்னால் இருந்த வழிகளை மனசுக்குள் வரிசையாக வைத்தேன். போலீசுக்குச் சொல்லலாம், இன்று அடங்கும், அடுத்த வாரம் சூளையில் இடம் இருக்காது. எல்லோர் முன்னாலும் டின் ஆக்சைடு கதையை உடைக்கலாம். அமீன் பாய் தப்பிப்பார், தங்கராசு அண்ணன் அவமானத்தோடு நேராக அந்த வேனில்தான் ஏறுவார். விருந்தினரை வேப்பூர் வழியாகச் சென்னைக்கு ஏற்றிவிடலாம். அது எனக்கு நல்லது, ஊருக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் பிடிக்கவில்லை. கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லித் தங்கராசு அண்ணனின் யூனிட்டுக்குள் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"சொல்லிடப் போறியா?" என்றார்.

"எதை?"

"நடிக்காத. நீ என்கிட்ட கிளேஸ் கலக்கினவ."

"நான் எதையும் சொல்லலண்ணே. அது உங்க தொழிலு. ஆனா பாய்க்கு சூளையில எடம் இல்லன்னா நீங்க சும்மா இருந்துடுவீங்களா?"

அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். "நான் இன்னா பண்றது? கல்யாண வூட்டுக்காரரு சாயங்காலம் வராரு. கெட்டுப்போன சரக்க அவரு தலையில கட்ட முடியுமா? யாராலன்னு கேப்பாரு. நான் யாரைச் சொல்றது?"

"கெட்டுப்போச்சுன்னு யாருண்ணே சொன்னது?"

"இன்னாது?"

"சரக்கு கெட்டுப்போச்சுன்னு. நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லல. இன்னாய்யா இதுன்னுதான் கேட்டேன்."

"அப்புறம் யாரு சொன்னது?"

யோசித்தார். "அந்த வேன்காரன்."

"அவருக்குப் பீங்கான் தெரியுமா?"

"அவனுக்கு இது நெசவு ஊரா, பீங்கான் ஊரான்னே தெரியல."

நான் கையைக் கழுவிக்கொண்டேன். அவர் ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குக் காட்டி, இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி ஒருவர் சரக்கைப் பார்க்கும் பார்வை மெல்லத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அது என் யோசனையாகிப் போயிருக்கும். ஆகவே வெளியே வந்துவிட்டேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் கடினமானது அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்ததுதான். உள்ளே என்ன முடிவு செய்கிறார் என்று தெரியாமல், விருந்தினருக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் எஸ்டேட் கேட்டில் நல்ல கூட்டம். பேச்சாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமீன் பாய் தன் யூனிட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மச்சான் பக்கத்தில். கல்யாண வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். இந்தக் கூட்டமெல்லாம் தன் பிள்ளையாரைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. விருந்தினர் என்னிடம், "தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு பெரிதாகிவிட்டதோ?" என்று கேட்டார். "இப்போது இறுதிக் கட்டம்" என்றேன். 

பேச்சாளர் வாய் திறப்பதற்கு முன்னால் தங்கராசு அண்ணன் முன்னால் வந்தார். கையில் ஒரு பிள்ளையார். வழக்கமான கத்தல் குரலில், ஒலிபெருக்கி தேவைப்படாமல், கல்யாண வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"வாங்க! உங்க சரக்கு தயாரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வெள்ளை கேட்டீங்க. வெள்ளைப் புள்ளையாரு எல்லாக் கடையிலயும் இருக்குது. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் புது மாடலு போட்டிருக்கறேன். கல்யாணப் புள்ளையாரு! பாருங்க, எப்படி வெக்கப்படறாருன்னு!"

 நம்பலாமா வேண்டாமா என்று கூட்டம் யோசிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது பரிமளா அக்கா பின்னாலிருந்து கேட்டார்:

"புள்ளையாருக்கே இன்னும் கல்யாணம் ஆவல. அவரு எதுக்கு வெக்கப்படணும்?"

"ஏம்மா, ஆவாததுனாலதான்!" என்றார் தங்கராசு அண்ணன். "அடுத்தவங்க கல்யாணத்துல போயி உக்கார வச்சா, உனக்கு எப்பன்னு எல்லாரும் கேக்க மாட்டாங்களா?"

முதலில் சிரித்தவர் கல்யாண வீட்டுக்காரர். பெண்ணைப் பெற்றவருக்கு அந்தக் கேள்வியின் வலி தெரியும். பிறகு ஃபியூஸ் கட்டைக்காரர். பிறகு எல்லோரும். பேச்சாளர் ஒலிபெருக்கியில், "இது சிரிக்கிற விஷயமில்லை" என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு எந்தக் கூட்டமும் சிரிப்பை நிறுத்தியதில்லை.

ஒருவர் மட்டும் விடவில்லை. "அப்ப காலையில ஏன் இன்னா இதுன்னு கேட்ட?"

"இவ்ளோ நல்லா வரும்னு நான் எதிர்பாக்கல" என்றார் தங்கராசு அண்ணன். பிறகு சற்றுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அமீன் பாய் நின்ற பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பாயோட பச்சை பக்கத்துல இருந்தாத்தான் இது வரும். நான்தான் அங்க வைக்கச் சொன்னேன். எப்படி வருதுன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க, அது தொழில் ரகசியம்."

பார்த்தீர்களா? ரகசியம் பத்திரமாகவே இருந்தது. அதற்கு இப்போது காவலும் போட்டாகிவிட்டது.

அமீன் பாய் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார். நடந்தது முழுக்க அவருக்குப் புரிந்திருக்காது என்று நான் நினைத்தேன். புரிந்துவிட்டது. எழுந்த கோபத்தை விழுங்கினாரா, சிரிப்பை விழுங்கினாரா தெரியவில்லை. "என்னைக் கேக்காம என் பச்சையை உபயோகப்படுத்தினதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல" என்றார். "அடுத்த லோடுல எனக்கு நடுத்தட்டு வேணும். ஓரத்துல வச்சா பச்சை கருத்துப் போவுது."

"நடுத்தட்டா? அது என்னுது!"

"அப்ப வெள்ளையாவே சுட்டுக்கோ."

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இரு, தொழில் பேசிக்கினு இருக்கறோம்" என்றார் அமீன் பாய்.

வேன் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போனது. அங்கே யாரை என்னவென்று அழைத்தாரோ, எனக்குத் தெரியாது.

சென்னைக்குத் திரும்பும் வழியில் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் விருந்தினரோடு பரோட்டா சாப்பிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நாட்டில் அமீன் பாய்கள் பெரும்பான்மை, தங்கராசுகள் சிறுபான்மை. குருமாவைத் தொட்டுக்கொண்டே, "எங்கள் ஊரிலும் தொழில்நுட்பக் கருத்து வேறுபாடுகள் இதே குரலில்தான் நடக்கும்" என்றார். எனக்கு விக்கிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மொழி தெரியாதே உங்களுக்கு" என்றேன்.

"வேட்டியை மடித்துக் கட்டுவது தெரியும்" என்றார். "பிறகு ஒருவர் பேசினார், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பச்சைக்காரர் பயப்படுவதை நிறுத்திவிட்டுச் சண்டை போட ஆரம்பித்தார். அதுவரை அவர் சண்டை போடவே இல்லை. நான் எழுதப் போவது அதைத்தான்."

அவர் பையன்களை அனுப்பினார். அவர்கள் வந்தார்கள், கற்றார்கள், ஒருவன் மட்டும் எங்கள் ஊர்க் குழம்பைப் பற்றி ஊருக்குப் புகார் எழுதினான்.

நான் செய்தது சரியா என்று பயிற்சி வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள். ஒரு பொய்க்குக் கதவு திறந்துவிட்டீர்களே என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு சமாதானம் நிற்குமா என்று பார்க்க நான் இப்போதும் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அது மறுநாள் யாருக்காவது வேலை வைத்ததா? மேடையில் கைகுலுக்கி முடிகிற சமாதானம் மேடையோடு போய்விடும். தங்கராசு அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னதற்குத் தண்டனையாக, அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெட்கப்படும் பிள்ளையார் வேண்டும் என்று வந்து நின்றார்கள். செய்து கொடுத்தாக வேண்டும். பச்சை இல்லாமல் செய்ய முடியாது. அதுவும் சில பேர், ஒரு கன்னம் மட்டும் ஏன், இரண்டும் சிவந்தால் என்ன என்றார்கள்.

இரண்டும் சிவக்க, இரண்டு பக்கமும் பச்சை வைக்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சூளைப் பக்கம் போனேன். வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுத்தட்டில் வெள்ளைப் பிள்ளையார்கள் ஒரு வரிசை, இந்தப் பக்கம் அமீன் பாயின் பச்சை ஒரு வரிசை, அந்தப் பக்கம் இன்னொரு வரிசை. இரண்டு கிழவர்களும் வண்டியின் இரு புறமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளி வையிய்யா! போன தடவ தொந்தி வரைக்கும் செவந்துடுச்சு. வெக்கமா அது? அடிச்ச மாதிரி இருந்துது."

"தள்ளி வச்சா எனக்கு எடம் போவுது. உன் புள்ளையாருக்கு வெக்கம் ஜாஸ்தின்னா நான் இன்னா பண்றது?"

"ஒரு வெரலு தள்ளுன்னா!"

"அரை வெரலு. அதுக்கு மேல ஒரு நூலு நகராது."

"பரிமளா, நீயே சொல்லு!"

பரிமளா அக்கா இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, தன் இஷ்டத்துக்கு வைத்து, வண்டியைச் சூளைக்குள் தள்ளினார்.